ஹலாலும் தய்யிபும்: ராயபுரத்திலிருந்து ஒரு கேள்வி



ராயபுரத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்திருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக் கொண்டிருப்பதால் விஷயத்தை மட்டும் தருகிறோம். அவருடைய வீட்டார் மூன்று தலைமுறையாக அங்கே கடலோரத்தில் வசிப்பவர்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். வாரம் இரண்டு முறை எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மீனவப் பெண்மணி கூடையில் மட்டியும் சிப்பியும் இறாலும் கொண்டு வந்து வாசலில் கூறு வைத்து விற்பார். வீட்டில் எல்லோருக்கும் அது பிரியமான உணவு. சகோதரி இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. எண்ணூர்ச் சிப்பியில் ஈயமும் காட்மியமும் சேர்ந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு உண்ணத் தயங்கினாராம். உடனே மாமியார், "கடல் பொருள் ஹலால் என்று அல்லாஹ் சொல்லிவிட்டான். அறுபது வருஷமாக நான் தின்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது? ஹலாலை ஹராமாக்காதே. தவக்குல் வை" என்று கடிந்து கொண்டாராம். யார் சொல்வது சரி என்பது சகோதரியின் முதல் கேள்வி. நாம் வாங்குவதை நிறுத்தினால் அந்த ஏழைப் பெண்ணின் பிழைப்பில் மண் விழுமே, அது பாவமாகாதா என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தோன்றிய அந்த உள்ளத்துக்காகவே இந்தக் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுதலாம்.

முதலில் மாமியார் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுவோம். ஹலாலானதைத் தன் இஷ்டத்துக்கு ஹராம் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை ஸூரா அல்மாயிதாவில் ஓதுகிறோம். கடல் நீரில் ஒளுச் செய்யலாமா என்று கேட்டு வந்தவருக்கு, அந்த நீரின் தூய்மையைச் சொன்னதோடு நில்லாமல், அதில் செத்ததும் ஹலால் என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்லியனுப்பினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற 300 பேர் கொண்ட படை, நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு பேரீச்சம் பழம் என்னும் நிலைக்கு வந்தபோது, கடல் ஒதுக்கிய ஒரு பெரிய மீனை உண்டு பல நாள் உயிர் தாங்கியது. அவர்கள் மதீனா திரும்பியபின் அதன் மிச்சத்தை நாயகம் (ஸல்) அவர்களும் கேட்டு வாங்கி உண்டார்கள். கடற்கரையில் பிறந்த நமக்கு இது எவ்வளவு பெரிய அருட்கொடை!

நண்டு, சிப்பி வகையில் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு உண்டு என்பது வாசகர்கள் அறிந்ததே. ஹனபி மத்ஹபில் கடல் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும். சிப்பியும் நண்டும் ஆகா. இறாலை மீன் வகையில் சேர்ப்பதா என்பதில் மட்டும் பேச்சு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வாசல் அகலமானது. ஆனால் நீரிலும் நிலத்திலும் வாழும் நண்டை அந்தச் சட்ட நூல்களும் விலக்கியே வைத்திருக்கின்றன. ராயபுரம், தண்டையார்பேட்டைத் தெருக்களில் இரு மத்ஹபினரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறோம். ஒருவர் சட்டியை ஒருவர் எட்டிப் பார்த்துச் சண்டையிடுவதற்கு இதை எழுதவில்லை. சகோதரியின் கேள்வி வேறு வகையைச் சேர்ந்தது.

ஒரு பொருள் ஹலாலா என்பது அதன் இனத்தைப் பற்றிய கேள்வி. அல்லாஹுதஆலா அதோடு நிறுத்தவில்லை. பூமியிலுள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு ஸூரா அல்பகராவில் மனிதர் அனைவரையும் அழைத்துச் சொல்கிறான். தய்யிப் என்றால் நல்லது, தூயது, கேடில்லாதது. இரண்டு சொற்களை ஏன் சேர்த்துச் சொன்னான்? கோழி ஹலால்; அழுகிய கோழியை யாரும் பிள்ளைக்கு ஊட்ட மாட்டோம். கடலைப் பற்றிச் சொல்லும்போதும் ஸூரா அந்நஹ்லில் அதிலிருந்து கிடைக்கும் மாமிசத்தைப் புதியது, பசுமையானது என்ற பொருள்படும் சொல்லாலேயே குறித்திருக்கிறான்.

எண்ணூர்க் கழிமுகத்தில் கிடைக்கும் சிப்பி இன்று எந்த நிலையில் இருக்கிறது?

சிப்பியும் மட்டியும் ஓரிடத்தில் ஒட்டியோ புதைந்தோ வாழ்பவை. இரை தேடி ஓடுவதில்லை. தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்பொருளை வடிகட்டித் தின்று, தண்ணீரை வெளியே விடும். ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் நீர் இப்படி ஒரு சிப்பியின் உடலுக்குள் புகுந்து வெளிவரும். நீரில் கலந்திருக்கும் ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் போன்ற உலோகங்கள் வெளியே போகாமல் சதையில் தங்கிச் சேர்ந்துகொண்டே வரும். ஆகவேதான் தண்ணீரில் அற்பமாக இருப்பது சிப்பியின் சதையில் பல மடங்காகக் காணப்படுகிறது. எட்வர்ட் கோல்ட்பர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1975-ல், ஒரு கடற்கரை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய அங்குள்ள சிப்பியைச் சோதித்தாலே போதும் என்று யோசனை சொன்னார். அதன்பின் பல நாடுகளில் சிப்பியைக் கொண்டே கடலைச் சோதிக்கிறார்கள். மறுமையில் பூமி தன் செய்திகளையெல்லாம் எடுத்துரைக்கும் என்று ஸூரா ஸில்ஸாலில் ஓதுகிறோமே, இந்த வாயில்லாப் பிராணி இம்மையிலேயே தன் மீது கொட்டப்பட்டதைச் சாட்சி சொல்லிக் கொண்டிருக்கிறது.

கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் எண்ணூர்க் கழிமுகம். பக்கிங்காம் கால்வாயும் அங்கே வந்து கலக்கிறது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையம் 1994-ல் வந்தது. நிலக்கரியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் ஈயமும் காட்மியமும் ஆர்சனிக்கும் பாதரசமும் இருக்கும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் வெடித்தும் கசிந்தும் சாம்பற்குழம்பு பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் கலந்து, சேற்றோடு சேறாகப் படிந்து, ஆழத்தையே குறைத்துவிட்டது. மீனவர்கள் முறையிட்டதன் பேரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் மின் வாரியத்தை இந்தக் கேட்டுக்குப் பொறுப்பாக்கியது. இவையன்றி, 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், இளைஞர்கள் வாளி வாளியாக அதை அள்ளியதும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுதும் பரவியது. எண்ணெய் வேறு, உலோகம் வேறு என்பது உண்மைதான். ஆனால் சேற்றில் வாழும் மட்டிக்கு இரண்டும் ஒரே வழியில்தான் வருகின்றன.

சென்னைப் பல்கலைக் கழகத்தாரும் பிறரும் அங்குள்ள சேற்றையும் சிப்பியையும் பல முறை ஆராய்ந்து இந்த உலோகங்களைக் கண்டிருக்கிறார்கள். அளவு எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு கிலோ சிப்பிச் சதையில் காட்மியம் 2 மில்லி கிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பு வகுத்த வரம்பு. வாசலில் வைத்த கூறு அந்த வரம்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தோ மூக்கால் முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. கெட்ட மீனுக்கு நாற்றம் உண்டு. ஈயத்துக்கு நாற்றமும் கிடையாது, ருசியும் கிடையாது.

மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினால் போய்விடும், நன்றாகக் கொதிக்க வைத்தால் முறிந்துவிடும் என்று நம் தாய்மார் சிலர் நினைப்பார்கள். கொதிநீரில் கிருமி சாகும். உலோகத்துக்குச் சாவு ஏது?

இங்கே ஃபிக்ஹுக் கிதாபுகளில் உள்ள ஓர் அருமையான மஸ்அலாவை நினைவூட்ட விரும்புகிறோம். அசுத்தத்தைத் தின்று திரியும் ஆடு, மாடு, ஒட்டகம், கோழி ஆகியவற்றுக்கு 'ஜல்லாலா' என்று பெயர். அவற்றின் இறைச்சியையும் பாலையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இனத்தால் அது ஹலாலான பிராணிதான்; தின்ற தீனியால் அதன் இறைச்சி கெட்டது. அது மக்ரூஹ் என்று சொன்ன இமாம்களும் உண்டு, ஹராம் என்று சொன்னோரும் உண்டு. அதற்குப் பரிகாரமும் சொன்னார்கள்: கட்டிப்போட்டுச் சுத்தமான தீனி கொடுத்து, அதன் கெடுதி நீங்கியபின் அறுக்க வேண்டும். இப்னு உமர் (ரலி) அவர்கள் கோழியை மூன்று நாள் அடைத்து வைப்பார்களாம். ஓர் உயிரின் இறைச்சி அது தின்றதைப் பொறுத்தது என்னும் உண்மை, ஆய்வுக்கூடங்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் மார்க்கத்தில் சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது.

இக்காலத்தில் சிப்பியையும் இப்படிச் சுத்தமான நீரில் போட்டு வைத்து எடுப்பதுண்டு. கிருமிகள் ஓரிரு நாளில் நீங்கிவிடும். ஆனால் காட்மியம் மூன்று நாளில் போகாது. வாரங்களும் மாதங்களும் ஆகும். ஆகவே வீட்டில் வாளித் தண்ணீரில் ஓரிரவு போட்டு வைத்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம்.

நாம் முஃப்தி அல்லோம். ஜல்லாலாவை வைத்துக் கியாஸ் செய்து எண்ணூர்ச் சிப்பி ஹராம் என்று தீர்ப்புரைக்கவும் துணியவில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. ஆனால் ஷாஃபிஈ சட்ட நூல்களிலேயே, மண், கண்ணாடி, விஷம் போன்று உடலுக்குக் கேடு செய்பவற்றை உண்பது ஆகாது என்று எழுதியிருக்கிறது. அத்துடன், மருந்தில் சேரும் சிறிதளவு விஷம், சுகமே மிகைத்திருக்குமானால் பொறுக்கப்படும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆக, அளவும் பார்க்க வேண்டும், உண்பவர் யாரென்றும் பார்க்க வேண்டும். திடகாத்திரமான ஓர் ஆண் எப்போதோ ஒரு முறை உண்பது வேறு. கர்ப்பிணியும் மூன்று வயதுக் குழந்தையும் வாரம் இரண்டு முறை உண்பது வேறு.

ஈயம் தாயின் இரத்தத்திலிருந்து கருவிலுள்ள சிசுவுக்குச் செல்லும். தாயின் எலும்பில் பல ஆண்டுகளுக்கு முன் படிந்த ஈயமும் கர்ப்ப காலத்தில் கரைந்து இரத்தத்தில் வரும். குழந்தையின் மூளைக்கு இந்த அளவு ஈயம் கேடில்லை என்று ஓர் அளவையே சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கினால் அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் பிடிக்கும்.

ஜப்பான் நாட்டில் மினமாட்டா என்று ஒரு மீனவ ஊர். அங்கே சிஸ்ஸோ என்னும் கம்பெனி 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. முதலில் பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன. 1956-ல் மனிதருக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. கை கால் நடுங்கி, பார்வை மங்கி, பேச்சுக் குழறி மாண்டவர்கள் அந்த விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் தின்ற ஏழைகள். சில தாய்மார்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகள் முடமாகப் பிறந்தன. எண்ணூர் மினமாட்டா ஆகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அளவும் வேறு, உலோகமும் வேறு. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற சொல் எவ்வளவு பலவீனமான ஆதாரம் என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம். மேலும், மாமியார் தின்னத் தொடங்கிய அறுபது வருஷத்துக்கு முன்பு மணலி ஆலையும் இல்லை, எண்ணூர் மின் நிலையமும் இல்லை. அவர் அன்று தின்ற சிப்பியும் மருமகள் முன் இன்று இருக்கும் சிப்பியும் பெயரால் ஒன்று. தின்று வளர்ந்த நீரால் வேறு.

தவக்குல் பற்றி ஒரு வார்த்தை. படைத்தளபதியாக நாம் மேலே கண்ட அதே அபூ உபைதா (ரலி) அவர்கள்தாம், ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியிருப்பதறிந்து கலீபா உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பத் தீர்மானித்தபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்று கலீபா பதிலிறுத்து, பசுமையான ஒரு சரிவும் வறண்ட ஒரு சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் உங்கள் ஒட்டகத்தை எதில் மேய்ப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களைவிடத் தவக்குல் மிக்கவர் நம்மில் யார்?

இனி, குற்றம் யாருடையது? சிப்பியுடையதன்று, அதைப் பொறுக்கி வரும் பெண்ணுடையதுமன்று. மனிதர் கைகள் சம்பாதித்ததன் காரணமாகத் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியதாக ஸூரா அர்ரூமில் அல்லாஹ் சொல்கிறான். கடலையும் பெயர் சொல்லியே குறித்திருப்பதைக் கவனியுங்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கம் இது. நீர்த்துறையில் மலம் கழிப்பது சாபத்துக்குரிய காரியம் என்று எச்சரித்த நாயகத்தின் உம்மத்து நாம். ஒரு மனிதன் தன் அசுத்தத்தை நீரில் விடுவதற்கே இவ்வளவு கண்டிப்பென்றால், ஆற்றில் விஷத்தை விடுவோரைப் பற்றி என்ன சொல்வது?

பிறரை மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. தோல் வணிகம் நம் சமுதாயத்துக்குச் சோறு போட்ட தொழில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் எத்தனை பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் அந்த வருமானத்தில் எழுந்தன! அதே தோல் பதனிடும் கழிவின் குரோமியமும் உப்பும் பாலாற்றுப் படுகையின் கிணறுகளைக் கெடுத்தன. வேலூர் மாவட்டத்தாரின் வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. கோர்ட்டு சொல்வதற்கு முன்பே நம் மிம்பர்களிலிருந்து அது ஒலித்திருக்க வேண்டாமா? தானும் கேடுறாமல் பிறருக்கும் கேடு செய்யாமல் இருப்பது ஹதீதிலிருந்து பிறந்த சட்ட விதியன்றோ? வடசென்னையில் இன்றும் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குவோரும், முலாம் பூசும் பட்டறை நடத்துவோரும் உண்டு. அவர்களில் நம்மவர் எவரேனும் கழிவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, அந்தப் பணத்தில் ஸதகாவும் செய்துகொண்டிருந்தால், அந்தச் சாக்கடை எந்தக் கால்வாயில் சேர்ந்து யாருடைய சட்டிக்கு வருகிறது என்று ஒரு முறை நடந்து போய்ப் பார்த்து வரட்டும்.

கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் தண்ணீருக்காகத் துளையிட முனைந்ததை நாயகம் (ஸல்) அவர்கள் உவமையாகச் சொன்னது நமக்குத் தெரியும். தடுக்காவிட்டால் மேல்தளத்தாரும் மூழ்குவர். எண்ணூரிலோ துளையிடுபவர் மேல்தளத்தில் இருக்கிறார். தண்ணீர் முதலில் ஏறுவது கீழ்த்தளத்தில்.

சகோதரிக்கு நம் பதில்: கர்ப்பமும் பால் கொடுக்கும் காலமும் முடியும் வரை எண்ணூர்க் கழிமுகத்து மட்டி, சிப்பியைத் தவிர்த்துவிடுங்கள். ஹராம் என்று நினைத்துத் தவிர்க்க வேண்டாம். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம் என்று நினைத்துத் தவிருங்கள். சிறு பிள்ளைகளுக்கும் அவ்வாறே. மற்றவர்கள் இறால் சமைக்கும்போது தலையை நீக்கிவிடட்டும். உலோகம் அதிகம் தங்குவது அங்கேதான். மீனையே விட்டுவிட வேண்டாம். வயிற்றுப் பிள்ளைக்கு அது நல்லது. நெத்திலி, கவலை, கானாங்கெளுத்தி போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு. பெரிய சுறாவைத் தவிர்க்கவும். கீரையும் பாலும் தாராளமாகச் சாப்பிடுங்கள். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறையாத உடல் ஈயத்தைக் குறைவாகவே ஏற்கும். உங்கள் ஊரில் அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறதே, அங்கு செல்லும்போது டாக்டரிடம் இதையும் சொல்லிக் கேளுங்கள். மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம். உமர் (ரலி) அவர்களின் செய்தியை வாசித்துக் காட்டுங்கள், அல்லது இந்த இதழை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கூடைக்காரப் பெண்மணியை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள். மட்டி வேண்டாம் என்பதை மட்டும் சொல்லாமல், காசிமேட்டில் இறங்கும் கடல் மீனை வாங்கி வரச் சொல்லி, அதை வழக்கமாக வாங்கிக் கொள்வதாக வாக்குக் கொடுங்கள். கழிமுகத்தில் கையால் துழாவி எடுப்பதற்கு முதல் வேண்டியதில்லை. காசிமேட்டு ஏலத்தில் எடுக்கக் கையில் காசு வேண்டும். ஆகவே முதல் இரண்டு வாரத்துக்கு முன்பணம் கொடுங்கள். முடிந்தால் தெருவில் நாலு வீட்டாரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கொண்டது தெரிந்து செய்த மோசடிக்காக. இந்தப் பெண்ணோ தான் விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறியாதவர். அதை அறிந்தவர் நீங்கள். அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். விற்காமல் மிஞ்சும் கூறுகள் மாலையில் அவர் வீட்டு அடுப்பில்தான் வேகின்றன; அங்கேயும் பிள்ளைகள் இருப்பார்கள்.

வஸ்ஸலாம்.